மாஸியா, மின்ஸியா?

அடக்கத்துக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, வாசலில் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டார் மயுங்கா.

"எழுந்திரிக்க மாட்டேன். வேணும்னா என்னை மிதிச்சுட்டுப் போங்க."

சந்தூக்குப் பெட்டியைப் பிணத்தோடு தோளில் ஏற்றியவர்கள் அப்படியே நின்றார்கள். முன்னால் நின்ற ஷொமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தூக்கில் இருப்பவர் அவனுடைய அப்பா பாஸி. கிசராவே வட்டாரத்துக்கே தெரிந்த சொல்லாராய்ச்சிக்காரர்.

மயுங்கா உள்நாட்டு ந்யாம்வேசி இனத்துக்காரர். ஷொமாரி வீட்டாரைப் போன்ற கடலோர ஸராமோ இனத்தாரின் சாவு வீட்டில் வந்து கேலி பேச அவருக்கு உரிமை உண்டு. பாட்டன் காலத்து முறை அது. ஆனாலும் ஒரு அளவு வேண்டாமா?

உள்ளே அம்மா ஹாவா, நேற்று கணவர் உயிர் போனதிலிருந்து அழவும் இல்லை, ஒரு வாய் தண்ணீர் தொடவும் இல்லை. சர்க்கரை நோய்க்காரி வேறு. இப்படியே இருந்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாமா, எழுந்திரிங்க. மானம் போகுது."

"போகட்டும். உங்கப்பன் திருடன்டா. தண்ணிக்கு நீங்க சொல்ற மாஸி, எங்க மின்ஸியிலருந்து திருடுனது. அந்தக் காலத்துல எங்க ஆளுங்க சுமை தூக்கிக்கிட்டுக் கடற்கரைக்கு வந்து தண்ணி கேட்டாங்க. நீங்க தண்ணியும் குடுக்கல, வார்த்தையையும் பிடுங்கிக்கிட்டீங்க. ஒத்துக்கிட்டுக் கிளம்பு."

கூட்டத்தில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"வார்த்தைய யாரும் திருடலன்னு ஆயுசு பூரா எழுதினவர் அப்பா. அவரை வச்சுக்கிட்டே நான் ஒத்துக்கணுமா? முடியாது."

"அப்ப நானும் எழுந்திரிக்க முடியாது." மயுங்கா, ஹாவா இருந்த அறையின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி இன்னும் உரக்கக் கத்தினார். "பாஸி ஒரு வார்த்தைத் திருடன்..."

கதவு படாரென்று திறந்தது. ஹாவா.

"யாருய்யா திருடன்? கண்ணுக்கு நாங்க மேசோ, நீங்க மிசோ. பல்லுக்கு நாங்க மேனோ, நீங்க மினோ. கண்ணு, பல்லு, தண்ணின்னு எல்லாத்தையுமா ஒருத்தன் திருடுவான்? ரெண்டு பாஷையும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு அந்த மனுஷன் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே. என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, தினம் அவர்கிட்ட தோத்துட்டுப் போனவன்தானே நீ? இனிமே யார்கிட்டய்யா தோப்பே?"

சொன்னவள் அப்படியே படியில் சரிந்து, வாய்விட்டு அழுதாள்.

அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. "தண்ணி கொண்டாங்கடி. இந்த ஆளை இன்னும் நல்லாக் கேக்கணும்."

யாரோ செம்பை நீட்டினார்கள். மடமடவென்று முழுவதும் குடித்தாள்.

மயுங்கா எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுச் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா மாமா, அப்பா சொன்னதுதான் சரின்னு?" ஷொமாரி முறைத்தான்.

"அதை உங்கப்பன்கிட்ட எப்பவோ ஒத்துக்கிட்டாச்சு. தண்ணிக்குப் பேரு என்னவா இருந்தா என்ன, உங்கம்மா குடிச்சுட்டாங்கல்ல? நடடா, போவோம்."