கையில் ஒரு பந்து

லண்டன் ஈஸ்ட் ஹாம் பூங்கா, 1987. மாரிக் குளிர் முழுக்க ஞாயிறுகளில் உதைபந்தோடு தனியே நின்ற குலசேகரத்தைச் சுற்றி இன்று பதினொரு தமிழ் இளைஞர்கள் நின்றார்கள்.

"கிளப்பைத் தொடங்குவம் அண்ணை. நீங்கள்தான் கேப்டன்," என்றான் யோகராஜா.

"முழங்கால் வருத்தம் தம்பி. நான் பந்தைக் கொண்டு வாறன், அது காணும்."

"ஊரிலை பெரிய ஆட்டக்காரன் போல! ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ."

தப்ப வழியில்லை. குலசேகரம் காலை வீசினார். பந்து அசையவில்லை, அவர்தான் புல்லில் விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு இவர்கள் வருவார்களா?

யோகராஜா கைகொடுத்துத் தூக்கினான்.

"உங்களுக்கு விளையாடவே தெரியாதோ அண்ணை?"

"தெரியாது."

"பிறகேன் மாரி முழுக்கப் பந்தோட நிண்டனீங்கள்?"

"வெறுங்கையோட நிண்டால் ஆர் தம்பி வந்து கதைக்கிறது?"