கேட்டில் நிற்காத ஆட்கள்

வடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆளுங்க வராம இல்ல சார். கேட் வரைக்கும் வந்துடுறாங்க, அங்க நிக்கத்தான் மாட்டேங்கிறாங்க. அதனால தண்ணி மொத்தமும் வெளிய போய்க்கினே இருக்கு."

அவளைச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் மைன்ஸ் பம்ப் செக்‌ஷன் அதிகாரி என்று முடிவுகட்டிய சிலம்பரசனுக்குச் சுருக்கென்றது. ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவர். கையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்து முடித்தவர், அவள் போனை வைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆளுங்களைக் குறை சொல்றீங்களே. காண்ட்ராக்ட்ல வச்சிருந்தா எவன் நிப்பான்? பர்மனென்ட் ஆக்குங்க, அப்புறம் பாருங்க."

"அதுக்கு வழி தேடித்தாங்க ஆராய்ச்சியே பண்றேன்," என்று சிரித்தாள் அவள். "நான் சொன்ன ஆளுங்க புரோட்டீனுங்க. கிட்னி செல்லோட சவ்வுதான் கேட். அதுல நின்னு தண்ணியை உடம்புக்குத் திருப்பி விடணும். நிக்கலன்னா, குடிக்கிறதெல்லாம் சிறுநீராவே போயிடும்."

சிலம்பரசன் பையிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்தார். போன வாரம் அவரைச் சோதித்த டாக்டரும் இதையேதான் சொன்னார்; அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சங்கத்தோட கோரிக்கையா வச்சிக்கங்கம்மா," என்றார். "சீக்கிரம் பர்மனென்ட் ஆக்கிடுங்க. அவனுங்க என் ஆளுங்க."