முளைக்காத போன்

மீட்டிங் அறைக்குள் கால் வைத்த பச்சை, வைத்த காலை அப்படியே பின்னுக்கு எடுத்தான். உள்ளே அவனுடைய பூந்தொட்டியைச் சூரியன் சார் டீஸ்பூனால் கிளறிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டிக்குள்தான் பச்சையின் போன் புதைந்திருக்கிறது.

அது ஒரு செல்போன் கம்பெனியின் டிசைன் பிரிவு. பூமியைக் கெடுக்காத போன் ஒன்றை ஆளுக்கொன்றாகச் செய்து காட்டச் சொல்லியிருந்தார் மேடம். மூன்று பேர், மூன்று போன். போனுக்கு வைத்த பெயரே செய்தவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

சாவி அக்காவின் போன் சாவி கொடுத்தால் ஓடும். ஒரு நிமிஷம் பேச ரெண்டு நிமிஷம் திருக வேண்டும். ஊரில் வெட்டிப் பேச்சு குறையுமே என்று, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா வாதாடுவாள்.

சூரியன் சாரின் போனுக்கு முதுகில் ஒரு தகடு. அதில் வெயில் பட்டுச் சார்ஜ் ஏறினால்தான் போனுக்கு உயிர். மழை நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது. இந்தக் கண்டுபிடிப்பின் மேல் அவர் மனைவிக்கு இன்னும் சந்தேகம்தான்.

பச்சையின் போன் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். காகிதக் கூழில் மிளகாய் விதையைக் கலந்து அழுத்திய உறை. போன் பழசானதும் உள்ளிருக்கும் சாமான்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உறையை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும், செடி முளைக்கும்.

முளைக்க வேண்டும். வாரக் கணக்கில் ஊற்றிவிட்டான். தொட்டியிடம் கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். கல்லுக்கு ஊற்றியிருந்தால்கூட இந்நேரம் பாசி பிடித்திருக்கும்.

இன்று மேடம் பார்க்க வருகிறார். யார் போன் வேலை செய்யவில்லையோ அவர் மேஜையைக் காலி செய்துவிடலாம் என்று கறாராகச் சொல்லியாகிவிட்டது. பச்சையின் மனைவிக்கு நிறைமாதம்.

இந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் தொட்டியைக் கிளறுகிறார். கடைசி நாளிலாவது தலைகாட்டலாம் என்று நினைத்த முளையும் இதோடு போச்சு.

பச்சைக்கு வயிறு பற்றி எரிந்தது. பார்க்கும்போதெல்லாம் "தம்பி, முளைச்சுதா?" என்று கேட்டது இதற்குத்தானா? நேருக்கு நேர் சண்டை போட அவனுக்கு வராது. சத்தம் காட்டாமல் மொட்டை மாடிக்கு ஏறினான்.

கைப்பிடிச் சுவரின் மேல் சூரியன் சாரின் போன் குப்புறப் படுத்து முதுகு காய்ந்துகொண்டிருந்தது. பச்சை இப்படியும் அப்படியும் பார்த்தான். அதை மல்லாக்கத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி இறங்கி வந்தான்.

மீட்டிங் அறையில் தொட்டி துணி மூடி இருந்தது. விலக்கிப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. இல்லாததை எத்தனை தடவைதான் பார்ப்பது?

மேடம் வந்தார். சாவி அக்கா திருகத் திருக, மேடம் யாருக்கோ ஹலோ சொன்னார். அக்கா மூச்சு வாங்கியபோதெல்லாம் பேச்சு அறுந்தது. ஆனாலும் வேலை செய்தது. பாஸ்.

சூரியன் சார் மாடிக்கு ஓடிப் போனை எடுத்து வந்தார். அழுத்தினார், உதறினார், வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். போன் கண் திறக்கவில்லை.

"வெளியில வெயில் மண்டையப் பிளக்குது. இதுக்கு மேல அந்தச் சூரியன் என்னதான் பண்ணணும்?" என்று மேடம் கேட்டார். சூரியன் சார் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பச்சைக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

அடுத்து அவன் முறை. மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்துவைத்ததை நினைவுபடுத்திக்கொண்டே துணியை விலக்கினான்.

சாண் உயரத்துக்கு ஒரு செடி நின்றது.

"ஐயோ" என்று முதலில் அலறியது பச்சைதான்.

மேடம் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். "மிளகாய்னுதானே சொன்னீங்க? இது தக்காளியாச்சே."

பச்சையும் குனிந்து இலையை முகர்ந்து பார்த்தான்.

"விதை வாங்கிக் குடுத்தது நான்தான் மேடம். பொட்டலம் மாறிப்போச்சு போலிருக்கு" என்றார் சூரியன் சார்.

கடையில் நின்று பொறுக்கி வாங்கியது பச்சை. அவன் திரும்பிப் பார்த்தான். அவருடைய நகக்கண்ணெல்லாம் மண். சட்டைப் பையிலிருந்து டீஸ்பூன் எட்டிப் பார்த்தது.

எது முளைத்தால் என்ன, முளைத்ததே பெரிசு என்று மேடம் பச்சைக்குப் பாஸ் போட்டார். பிறகு சூரியன் சார் பக்கம் திரும்பி, சொன்னது சொன்னதுதான், மேஜையைக் காலி செய்யுங்கள் என்றார்.

பச்சை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிட விழுந்தான் என்று சொல்லலாம். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"எங்க வீட்டுத் தொட்டியில நிறைய இருந்துச்சு. ஒண்ணைக் கொண்டாந்து நட்டேன்" என்றார் அவர், ரகசியக் குரலில். "பிள்ளை பொறக்கிற நேரத்துல நீ வேலை தேடி அலைவியா தம்பி?"

"உங்க போன்..."

"மல்லாக்கக் கிடந்துச்சு. மாடியில காக்கா தொல்லை. ஏதோ ஒண்ணு வந்து திருப்பிப் போட்டிருக்கும். விடு, காக்காவுக்கு என்ன தெரியும், பாவம்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று எழுந்து நின்றது காக்கா.