முடிவைச் சொல்லிப்போடற மனுசன்

"நானா, அவரான்னு முடிவு பண்ணிக்கோங்க சாய்ப்ரியாக்கா. இனி அந்த ஆளைக் கூப்பிடாதீங்க."

செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாலயே ஹாரிகா ஆரம்பிச்சுட்டா.

அவ கோவம் நியாயமானதுதானுங்க. காந்திபுரத்துல எங்க துணிக்கடை மாடியில மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டம் கூடுது. படிச்ச புத்தகத்தை அஞ்சு வார்த்தைக்குள்ள சொல்லிட்டு மேசை மேல வெக்கணும். பிடிச்சவங்க எடுத்துட்டுப் போலாம். அஞ்சைத் தாண்டிட்டா, எல்லாருக்கும் டீ அவங்க செலவு.

ஒவ்வொருத்தரும் அழகா யோசிச்சுட்டு வருவாங்க. 'மழைக்கு ஒதுங்கின ஊட்டுக்கே மாப்பிள்ளையானவன் கதை'ன்னு ஹாரிகா ஒருக்கா சொன்னப்ப, எல்லாரும் கை தட்டினோம்.

லட்சுமணசாமி அண்ணன் மட்டும் தனி ரகம். சூலூர்ல தறி போட்டிருக்கறவரு. எந்திரிப்பாரு. "கடைசியில பையன் பொழைச்சுக்கறானுங்க"ம்பாரு. புத்தகத்தை வெச்சுட்டு உக்காந்துக்குவாரு. அவ்வளவுதான். முடிவையே சொல்லிப்போட்டா அப்புறம் அதை எவன் படிப்பான்?

அவரு புத்தகத்தோட நின்னாலும் பரவால்லீங்க. போன மாசம் ஹாரிகா ஒரு நாவலை மேசையில வெச்சா. வட்டத்துக்கு வர்ற நஃபீசா அதை எடுக்கக் கை நீட்டறதுக்குள்ள, "அதுல பையன் கெணத்துல உழுந்து செத்துப்போறானுங்க"ன்னு குறுக்கால சொல்லிப்போட்டாரு. நஃபீசா கையை இழுத்துக்கிட்டாங்க. ஹாரிகாவுக்கு மூஞ்சி சிவந்து போச்சு.

"கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிட்டு வர்றாருக்கா. படிக்கறவங்களை மதிக்காத ஆளு."

எனக்கும் அப்படித்தான் பட்டுது. அண்ணன் படியேறி வந்ததும் நேராவே சொல்லிட்டேன்.

"ஏனுங்ண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னையிலிருந்து முடிவைச் சொல்லக் கூடாதுங்க. முடியாதுன்னா இந்த வட்டம் உங்களுக்கு ஒத்து வராது."

அவரு ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அப்புறம், "சரிங்க அம்மணி"ன்னு ஓரமாப் போயி உக்காந்துக்கிட்டாரு.

அவரு முறை வந்துச்சு. எந்திரிச்சு நின்னாரு. சன்னலோரமா இருந்த நஃபீசாவை ஒரு தரம் பாத்தாரு.

"நல்ல புத்தகமுங்க."

வெச்சுட்டு உக்காந்துட்டாரு. ஹாரிகா என்னைப் பாத்துச் சிரிச்சா.

நஃபீசா கோட்டைமேட்டுல இருந்து வர்றவங்க. அதிகம் பேச மாட்டாங்க. பெரும்பாலும் லட்சுமணசாமி அண்ணன் வெக்கற புத்தகத்தைத்தான் எடுப்பாங்க. முடிவு தெரிஞ்ச கதையைப் படிக்கவும் ஒரு ஆளு இருக்கேன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். அன்னைக்கும் அந்தப் புத்தகத்து மேல கை வெச்சாங்க. ஆனா எடுக்கலை.

"அண்ணா, இதுல குழந்தை வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்புறம்?"

அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு.

"படிச்சுத் தெரிஞ்சுக்கோங்கக்கா. அதுலதானே சுவாரசியம்" அப்படீன்னா ஹாரிகா.

"அப்ப எனக்கு வேண்டாங்க." நஃபீசா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க. "நான் கெளம்பறேன். அடுத்த மாசத்துல இருந்து வர முடியாதுங்க."

எனக்கு ஒண்ணும் புரியலை. "என்னாச்சுங்க?"ன்னு கையைப் புடிச்சுக் கேட்டேன்.

மாட்டின பையை எறக்கி மேசை மேல வெச்சாங்க.

"எம்பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப காய்ச்சல்ல போயிட்டானுங்க. கதையில ஒரு குழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் எனக்கு நாலு நாளைக்குச் சோறு எறங்காது. படிக்காமயும் இருக்க முடியலை. ஊட்டுல தனியா இருக்கறப்ப புத்தகந்தான் துணை. அண்ணன் 'பொழைச்சுக்குது'ன்னு சொன்னா நம்பி எடுத்துட்டுப் போவேன். இவரு இல்லீன்னா நான் படிக்கறதையே எப்பவோ உட்டிருப்பேனுங்க."

நான் அண்ணன்கிட்டத் திரும்பினேன்.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமுங்களா?"

"பையனைப் பத்தித் தெரியாதுங்க. ஒருக்கா இவங்க திருப்பிக் குடுத்த புத்தகத்தை அடுத்தாப்பல நான் எடுத்துட்டுப் போனேன். நடுவால பஸ் டிக்கெட் இருந்துச்சு. அதுக்கப்புறம் படிக்கலை போல. அந்தப் பக்கத்துலதானுங்க கதையில குழந்தை சாகுது. போயி விசாரிக்கற விசயமாங்க அது? அதான், நானே முன்னால படிச்சுப் பாத்துச் சொல்லிப்போடலாம்னு..."

நஃபீசாவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு.

"அது உங்க பழக்கம்னுதாண்ணா இத்தனை நாளும் நெனைச்சுட்டு இருந்தேன். எனக்காகவா படிச்சீங்க? அல்லா உங்களை நல்லா வெக்கட்டும்."

அவரு கூச்சத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "முடிவைச் சொல்லுங்ண்ணா"ன்னு நாந்தான் சொன்னேன்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்க" அப்படீன்னாரு. நஃபீசா புத்தகத்தை எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிட்டாங்க.

அடுத்தது ஹாரிகா முறை. எந்திரிச்சா. யோசிச்சு வெச்சுட்டு வந்ததை அவ சொல்லலை. தன் புத்தகத்தை மேசையில வெக்காம, நேரா நஃபீசா கையில கொண்டு போயிக் குடுத்தா.

"இதுல ஒரு பொண்ணு திருவிழாவுல தொலைஞ்சு போயிருதுங்க்கா. பாதி புத்தகத்துக்கு ஆளே இல்லை. நீங்க பயந்துக்காதீங்க, கடைசியில அது ஊடு வந்து சேந்துருது."

சொல்லிட்டு எங்களைப் பாத்துத் திரும்பினா.

"அஞ்சு வார்த்தையைத் தாண்டிட்டேனுங்க. எல்லாருக்கும் டீ என் செலவு."