துக்கம் கேட்க வந்தவள்

சமுதாயக்கூடத்தில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சிப்போரா தரையில் உட்கார்ந்தாள்.

மைக்கைத் தாழ்த்த வந்தவரிடம் வேண்டாம் என்று கையசைத்தாள்.

எதிரே பாயில் பெண்கள். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை வெடித்தபோது மகளையோ தங்கையையோ மாமியாரையோ பறிகொடுத்தவர்கள். அவர்கள் தலைக்கு மேலே ஆலை கட்டிய பேனர்: புன்னகையோடு மீண்டும் தொடங்குவோம்.

ஆலை மேலாளர் தனராஜ் அவளைக் காரில் அழைத்து வரும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். சிரிக்க வைக்கிற கதையாக இருக்கட்டும். விபத்துப் பேச்சே வேண்டாம். திங்கட்கிழமை இவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

அவள் சரி என்று சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சிப்போரா கொச்சி யூதக் குடும்பத்தில் பிறந்து திண்டுக்கல்லில் வளர்ந்தவள். ஊர் ஊராகப் போய், ஆஸ்பத்திரி வார்டுகளிலும் இழவு விழுந்த வீடுகளிலும் தன் சனத்தின் கதைகளைச் சொல்கிறவள். சிரிப்புக் கதைகளும் அவளிடம் நிறைய உண்டு. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாதென்று ஆறிப்போன சோற்றோடு சண்டை பிடித்த மாமியார் கதைக்கு, ஆபரேஷன் ஆனவர்கள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

இன்று அவள் வாயைத் திறக்கவில்லை.

மின்விசிறிகள் சுற்றின. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவை இறக்கிக்கொண்டார்.

தனராஜ் குனிந்து, ஆரம்பிக்கலாமே என்றார்.

சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார். இந்த முறை குரலில் மரியாதை குறைந்திருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடாமல், ஆனால் கடைசிப் பாய் வரை கேட்கும்படி சொன்னாள்.

"எங்க சனத்துல துக்கம் கேக்கப் போனா, பறிகொடுத்தவங்க பேசுற வரைக்கும் வந்தவங்க பேசக் கூடாது சார். அவங்க பேசலைன்னா சும்மா கூட உக்காந்திருந்துட்டு வரணும்."

இது துக்க வீடு இல்லை, சமுதாயக்கூடம் என்றார் அவர்.

அவள் பார்வையைப் பெண்கள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முன்வரிசையில் பேச்சித்தாய் இருந்தாள். மகளைத் துணியில் சுற்றி வாங்கியவள். முகம் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

"எம் மக பேரு முருகலட்சுமி," என்றாள்.

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயம்னா அவதான் மொத ஆளு. அந்த ஓட்டம் ஓடுவா."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கதவு வெளிய பூட்டியிருந்துச்சு."

பின்னாலிருந்து இன்னொரு பெயர் வந்தது. சுவரோரத்திலிருந்து மற்றொன்று. ஒருத்தி தன் மாமியாரின் குறட்டையைச் சொல்லப் போய்ச் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. பக்கத்தில் இருந்தவள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, தானும் பூட்டைப் பற்றிப் பேசினாள். சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதையும் சொன்னாள்.

தனராஜ் மைக்கை அணைக்கச் சொன்னார். யாரும் மைக்கில் பேசவில்லை.

பிறகு மின்விசிறியை அணைக்கச் சொன்னார். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே பேசினார்கள்.

சிப்போரா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்று அதுதான் வேலை.

பேச்சு ஓய்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பேச்சித்தாய் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்க சனத்துல துக்கம் காத்து முடிஞ்சா என்னம்மா செய்வாக?"

"எந்திரிப்போம். எல்லாருமாச் சேந்து வீட்டை விட்டு வெளிய வந்து தெருவுல நடப்போம். நாங்க இன்னும் இருக்கோம்னு நாலு பேரு பாக்கணும்ல."

பேச்சித்தாய் கையை ஊன்றி எழுந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்தாள்.

அவளுக்குப் பின்னால் பாய்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிப்போராவும் எழுந்தாள்.

வாசலில் நின்ற தனராஜ் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த ஊருக்குத் தெரு ஒன்றுதான். அது ஆலைக் கதவில் போய் முடிகிறது.