மூன்றாம் அடிக்கல்

பீலிக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் காலை வெயில் உடைந்து சிதறுகிறது. வோட்டுக் கேட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறி வந்த அமைச்சர் மாயழகு, கணுக்கால்வரை செம்மண் சேறு அப்பிய கால்களோடு நிற்கிறார். "தாயி, கால் கழுவ கொஞ்சம் தண்ணி ஊத்துங்க." பிரேமலதா அடித்துக்கொண்டிருந்த சேலையைப் பிழிந்து தோளில் போடுகிறாள். சவர்க்கார நுரை மூடிக் கிடக்கும் துவைக்கிற கல்லைக் காட்டுகிறாள். "கீழ ஒரே சேறுங்க ஐயா. இதுல ஏறி நில்லுங்க." அவர் சிரித்தபடி ஏறுகிறார். பின்னால் வந்தவர்களின் போன்கள் படம் பிடிக்க உயர்கின்றன. பிரதியமைச்சராக ஒரு தடவை, இராஜாங்க அமைச்சராக ஒரு தடவை, முழு அமைச்சராக ஒரு தடவை என்று அதே இருபது வீடுகளுக்கு மூன்று முறை அடிக்கல் நாட்டிய மனிதர் இவர். பதவி ஏறியது, சுவர் ஏறவில்லை. இரண்டாம் கல்லுக்கும் மூன்றாம் கல்லுக்கும் நடுவில் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து லயத்தின் கடைசிக் காம்பரா அறையை மூடியது. உள்ளே பிரேமலதாவின் மகள் தர்மிளா தூங்கிக்கொண்டிருந்தாள். அமைச்சரின் பேர் பொறித்த மூன்றாம் கல்லைப் பிரேமலதாதான் கடப்பாரையால் பெயர்த்து இங்கே இழுத்து வந்து போட்டாள், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. இப்போது அவள் செம்பை மெல்லச் சாய்க்கிறாள். நுரை விலக விலக, அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் 'கௌரவ அமைச்சர்' தெரிகிறது; பெருவிரலுக்கடியில் 'மாயழகு'. சிரிப்பு அப்படியே காய்ந்துபோகிறது. இறங்கப் பார்க்கிறார். போன்கள் இன்னும் தாழவில்லை. "நல்லாத் தேச்சுக் கழுவுங்க ஐயா," என்கிறாள், அடுத்த செம்பை மொண்டபடி. "நான் மூணு வருசமா தெனமும் இதுலதான் அடிச்சுத் தொவைக்கிறேன்."