செக்போஸ்டில் ஒரு ஃபைனல்

"உங்க பஸ் ஒண்ணுகூட மேல போகாது. டீம் வந்த வேனுக்கு மட்டும்தான் அனுமதி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி.

கொடைக்கானல் மலையடிவாரச் செக்போஸ்டில் மூன்று பஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே நூற்றைம்பது பேர். அத்தனை பேரும் பழனிக் கால்பந்து டீமின் ரசிகர்கள். மேலே மைதானத்தில் பதினொரு மணிக்கு ஃபைனல். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் அங்கே எப்போதும் காலையில்தான் ஆட்டம்.

முதல் பஸ்ஸிலிருந்து நாச்சிமுத்து இறங்கினார். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். டீமை ஆரம்பித்ததே அவர்தான். பதினாறு வருடங்களில் அவர் பார்க்காத ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. வெளியூர் ரசிகர்களுக்குத் தடை என்று செய்தி வந்த அன்றைக்கே ஊரைத் திரட்டியவரும் அவர்தான். தடை கெடக்கு, பஸ் நான் பிடிக்கிறேன், தனித்தனியா யாரும் கிளம்பாதீங்க, ஒண்ணாவே போவோம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்திருந்தார்.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருடமாக ஃபைனல் முழுசாக முடிந்ததே இல்லை. ஒரு வருடம் கல்வீச்சு. மறு வருடம் மொழிப் போராட்ட நேரம். தடியடியில் ஆட்டம் நின்றது. போன வருடம் இரண்டு கட்சிக்காரர்களும் கொடிக்கம்போடு மைதானத்துக்குள் இறங்க, நடுவில் மாட்டிக்கொண்ட பழனி கோல்கீப்பருக்கு மண்டை உடைந்தது. இது அறுபத்தேழாம் வருடம். தேர்தலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்தத் தடவையும் அடிதடி என்றால் போட்டியையே நிறுத்திவிடுவதாகக் கமிட்டி சொல்லிவிட்டது.

நாச்சிமுத்து சப்-இன்ஸ்பெக்டரிடம் அரை மணி நேரம் வாதாடினார். திருமலைச்சாமி உத்தரவை எடுத்துக் காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பஸ்களுக்குள் சத்தம் ஏறியது. வேலுச்சாமி என்ற வாலிபன் குதித்து இறங்கி, ரோட்டை மறித்த கட்டையைத் தூக்கப் போனான். நாச்சிமுத்து ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார்.

"ஏலே, இங்க ஒரு கல்லு விழுந்தா மேல ஆட்டம் நின்னுபோகும். நம்ம பயலுக பதினோரு பேரும் அங்கதான் இருக்கானுக. உக்காரு."

வேலுச்சாமி ரோட்டோரத்தில் உட்கார்ந்தான். வாய் மட்டும் அடங்கவில்லை. எவனோ கொடைக்கானல்காரன் போலீசுக்கு எழுதிப் போட்டுத்தான் இந்தத் தடை வந்தது என்றும், அவன் கையில் கிடைத்தால் சும்மா விடப்போவதில்லை என்றும் புலம்பிக்கொண்டே இருந்தான். நாச்சிமுத்து பஸ் கூரையிலிருந்து அண்டாக்களை இறக்கச் சொன்னார். நூற்றைம்பது பேருக்கும் புளிச்சோறு இருந்தது.

மேலேயிருந்து வண்டி இறங்கி வர இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் சேதியும் இரண்டு மணி நேரம் பழசாகத்தான் வந்தது. ஒன்றரை மணிக்கு ஓர் உருளைக்கிழங்கு லாரி வந்தது. பழனி ஒரு கோல் வாங்கிவிட்டது என்றான் டிரைவர்.

அதுவரை பஸ்ஸில் வந்த இரண்டு கட்சிக்காரர்களும் கட்சிக்கொரு மரத்தடியில், முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கொடிகளை மரத்தடியிலேயே போட்டுவிட்டு ஒவ்வொருவராக ரோட்டுக்கு வந்து மலையைப் பார்த்தார்கள். மேலே ஆட்டம் முடிந்தே போயிருக்கும். அடிவாரத்தில் அது இன்னும் நடந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை.

இரண்டே கால் மணிக்கு மேலேயிருந்து சர்வீஸ் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலைக் காட்டினார். கேப்டன் குமாரவேல் திருப்பி அடித்துவிட்டான்; பஸ் கிளம்பும்போது ஆட்டத்தில் இன்னும் கால் மணி பாக்கி.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எந்த வண்டியும் வரவில்லை.

நாலு மணி வாக்கில் ஹார்ன் கேட்டது. வளைவுக்கு வளைவு நிற்காமல் அடித்துக்கொண்டே வந்தது. கடைசி வளைவில் டீம் வேன் தெரிந்தது. அதன் கூரைமேல் குமாரவேல் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் வெள்ளிக் கப் இருந்தது.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்று கத்தினான்.

நூற்றைம்பது பேரும் வேனை மொய்த்துக்கொண்டார்கள். தவில் முழங்கியது. வேலுச்சாமி எதிர்க்கட்சிக்காரன் தோளில் ஏறி உட்கார்ந்து ஆடினான். செக்போஸ்ட் கான்ஸ்டபிள்கள்கூடக் கைதட்டினார்கள். குமாரவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கப்பை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தான். கடைசி விசில் வரைக்கும் ஒரு சின்னத் தகராறுகூட இல்லை என்றான். கொடைக்கானல் சனங்களே எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

"நீங்க ஒருத்தர் பாக்காமப் போயிட்டீங்களேண்ணே" என்றபோது அவனுக்குக் குரல் உடைந்தது.

"ஆட்டம் முடிஞ்சுச்சுல்ல? அது போதும்டா" என்றார் நாச்சிமுத்து. அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

பஸ்கள் ஊருக்குத் திரும்பும் நேரம் திருமலைச்சாமி அவரை மட்டும் செக்போஸ்ட் அறைக்குள் கூப்பிட்டார். மேசை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இது யார் கண்ணுலயும் படல. நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க."

கிழிப்பதற்கு முன்னால் நாச்சிமுத்து தன் கையெழுத்தை ஒரு தடவை படித்துப் பார்த்தார்: 'இந்த வருடமாவது ஃபைனல் நடக்க வேண்டுமானால், வெளியூர் ரசிகர்கள் யாரையும் மேலே விடாதீர்கள். எங்கள் ஊர் ஆட்களை ஒருவர் விடாமல் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆட்டம் முடியும்வரை செக்போஸ்டிலேயே உட்கார வைப்பது என் பொறுப்பு. இப்படிக்கு, நாச்சிமுத்து.'